நீல மூடி ட்யூப்

என் தம்பி டெக்லனுக்குக் கால் எரியும். மத்தியான வெயிலில் செருப்பில்லாமல் கடற்கரை மணலில் நடந்தால் எரியுமே, அந்த எரிச்சல் இல்லை. எரிகிற அடுப்பில் பாதத்தை வைத்துவிட்டு எடுக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிற எரிச்சல். இரண்டு பாதமும் கணுக்கால்வரை செக்கச்செவேலென்று வீங்கிவிடும். பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் நமக்கே அனல் அடிக்கும். சாக்ஸ் போட்டால் எரியும், போர்வை பட்டால் எரியும், ஒரு பியர் உள்ளே போனால் எரியும், வாய்விட்டுச் சிரித்தால்கூட எரியும். எங்கள் அப்பாவுக்கும் இதே கண்றாவிதான். உருக்காலையில் வேலை முடிந்து வந்தால் வீட்டுக்குள் நுழைய மாட்டார், நேராகப் பின்பக்க ஓடையில் போய் நின்றுகொள்வார். ரத்தத்தில் வருகிற கோளாறு. அவனுக்கு வந்தது, எனக்கு வரவில்லை. இதற்குமேல் அதில் யாராவது நியாயம் தேடினால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

ஐஸ் ஒன்றுதான் அவனுக்குக் கைகண்ட மருந்து. உருக்காலை ஊரான போர்ட் கெம்ப்ளாவில் அவன் வீட்டு காரேஜில் கார் கிடையாது. துணி ஊறவைக்கிற பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்று, சாய்வு நாற்காலி, டிவி, மூலையில் ஒரு ஃப்ரீசர், அவ்வளவுதான். முக்கு பெட்ரோல் பங்கில் அவன் தலையைப் பார்த்ததுமே ஐஸ் மூட்டைகளை எடுத்து வெளியே வைத்துவிடுவார்கள்.

“என்ன டெக், இன்னைக்கும் பார்ட்டியா?”

“தினம் பார்ட்டிதான். உன்னைத்தான் கூப்பிட மாட்டேன்.”

அவன் வேலை பார்த்ததுகூட மீன் குளிர்கிடங்கில்தான். மற்றவர்கள் சாக்ஸ் மேல் சாக்ஸ் போட்டும் நடுங்குகிற இடத்தில் இவன் ரப்பர் செருப்போடு சீட்டியடித்துக்கொண்டு திரிவான். கூட வாழ்ந்த பெண் சில குளிர்காலம் பொறுத்துப் பார்த்தாள். எங்கள் பக்கத்துக் கடுங்குளிர் மாதமான ஜூலையில் ஜன்னலைத் திறந்து வைத்து, காற்றாடியையும் போட்டுக்கொண்டு படுக்கிறவனோடு எவள் படுப்பாள்? “எனக்கு மனுஷன் வேணும், பென்குயின் வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இதை அவனே எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பான். சிரித்துவிட்டு, சிரித்ததற்குத் தண்டனையாகக் காலைத் தொட்டிக்குள் விடுவான்.

ஆனால் ஐஸ் தண்ணீரிலேயே கிடக்கிற கால் என்ன ஆகும்? ஊறி, வெளுத்து, தோல் பிளந்து, விரலிடுக்கெல்லாம் புண். அந்தப் புண் ஆற வேண்டுமென்றால் கால் காய வேண்டும். கால் காய்ந்தால் எரியும். மருத்துவமனையில் புண்ணுக்குக் கட்டுப்போடும் பிரிவின் டாக்டர் ஒளிவுமறைவு தெரியாத பெண்மணி. நானும் கூட இருந்தபோதுதான் சொன்னார்.

“இங்க பாரு டெக்லன். ஐஸ் தண்ணியை நிறுத்து, புண்ணு தானா ஆறிடும். நிறுத்தலைன்னா அது எலும்புக்குப் போயிடும். அப்புறம் ரெண்டு காலையும் வெட்டி எடுக்கிறதைத் தவிர என் கையில ஒண்ணும் இல்லை.”

“நிறுத்திடறேன். எரியறதுக்கு என்ன குடுப்பீங்க?”

இருக்கிற மாத்திரை எல்லாம் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது. டெக் திரும்பி என்னைப் பார்த்தான்.

“நீ சொல்லு டாக்டரம்மா. உன் பிளாஸ்டிக் எப்ப வருது?”

டாக்டரம்மா நான்தான், நெரிடா. நெட் என்று கூப்பிடுவார்கள். வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை, வேதியியலில் வாங்கிய டாக்டர். ஒரு தலைவலி மாத்திரை எழுதிக் கொடுக்கத் துப்பில்லாத டாக்டர் என்று அவன் கிண்டல் செய்வான். வேறு எந்த வேலைக்காவது போயிருந்தால் இன்றைக்குச் சொந்த வீடும் சொந்த நிம்மதியுமாக இருந்திருப்பேன். அப்பா ஓடையில் நின்றதைப் பார்த்து வளர்ந்ததால் இந்த வேலைக்கு வந்தேன்.

வலியை மூளைக்குச் சொல்லி அனுப்புகிற நரம்புகளில் கண்ணுக்குத் தெரியாத வாசல்கள் உண்டு. சுட்டால் திறக்கும், தணிந்தால் மூடிக்கொள்ளும். டெக்குக்கு அந்த வாசல் ஒழுங்காகச் சாத்துவதில்லை. அதை அடைத்து வைக்கிற மருந்தைத்தான் உலகமெங்கும் எங்களைப் போன்ற பைத்தியங்கள் தேடிக்கொண்டிருக்கிறோம். எங்கள் ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்த சரக்குகளில் நாற்பத்தொன்றாவது கொஞ்சம் தேறும்போல் தெரிந்தது. அதன் பெயரே நாற்பத்தொன்று என்றாகிவிட்டது. வாய்வழியாகக் கொடுத்தால் ஈரல் தாங்காது. அதனால் தோல்மேல் ஒட்டுகிற படலத்துக்குள் அதை வைத்துக் கொடுப்பது என் பாடு. வெங்காயச் சருகு மாதிரி மெல்லிய பாலிமர் படலம், டெக்கின் பாஷையில் பிளாஸ்டிக். பாதம் குளிர்ந்திருந்தால் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். சூடேறினால் இளகி, உள்ளே இருக்கிற மருந்தை விடும். எரியும்போது மட்டும் வேலை செய்கிற படலம். இதை நான் பெருமையாகத்தான் சொல்கிறேன். என் வாழ்க்கையில் நான் செய்த அழகான பொருள் அது ஒன்றுதான்.

செய்முறையைச் சொல்லியே ஆக வேண்டும், எல்லா வினையும் அதில்தான் இருக்கிறது. மருந்தை எடைபோட்டு நீல மூடி போட்ட பிளாஸ்டிக் ட்யூபில் கொட்டி, கரைப்பானை ஊற்றி, மறுநாள்வரை உருட்டிக் கரைப்போம். அதில் பாலிமரைச் சேர்த்துக் கண்ணாடித் தட்டில் பரப்பிக் காயவைத்தால் படலம் ரெடி. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெற்றுப் படலமும் ஒன்று செய்ய வேண்டும். அதில் கரைப்பதற்குத்தான் மருந்தே இல்லையே, ட்யூப் எதற்கு? கரைப்பானைக் கண்ணாடி பாட்டிலிலிருந்து நேராகப் பாலிமரில் ஊற்றிவிடுவோம். எங்கள் தலைவர் எழுதி வைத்த முறை அது. எங்களுக்கு முன்னால் இருந்தவர்களும் அப்படித்தான் செய்தார்கள், பக்கத்துக் கூடத்திலும் அப்படித்தான் செய்கிறார்கள். எதையும் வீணாக்காமல் இருப்பது வேதியியல்காரர்களுக்குப் பிறவிக் குணம்.

ஹாமிஷ் எங்கள் தலைவர். வருஷம் முழுக்க அரைக்கால் சட்டையில் திரியும் நெட்டை மனிதர். படலத்தைச் சோதிப்பது வேஸ்னாவின் வேலை. அவள் குடும்பம் மாசிடோனியாவிலிருந்து உருக்காலை வேலைக்கு வந்தது. வாயைத் திறந்தால் மலையடிவாரம்வரை கேட்கும். தட்டில் வளர்த்த நரம்புச் செல்கள்மேல் ஒரு துண்டுப் படலத்தை வைத்துச் சூடேற்றி, வாசல்கள் திறக்கின்றனவா என்று பார்ப்பாள். நாற்பத்தொன்று வைத்த தட்டில் ஒன்றுகூடத் திறக்கவில்லை. வெற்றுப் படலம் வைத்த தட்டில் எல்லாம் வழக்கம்போலத் திறந்துகொண்டன. அடுத்தது எலிகள். எலியின் பாதத்தில் படலத்தை ஒட்டி இளஞ்சூடான தட்டில் விட்டாள். வெற்றுப் படல எலி காலைத் தூக்கித் தூக்கி நக்கியது. நாற்பத்தொன்று எலி பேசாமல் உட்கார்ந்திருந்தது.

“ஏய் நெட், ஓடி வா! இங்க பாரேன், சூடான தட்டுல உக்காந்துக்கிட்டு மகராசி மாதிரி கண்ணை மூடிக்கிட்டு இருக்கா!”

எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம். நல்ல முடிவு யாருக்கு வந்தாலும் அவர்தான் எல்லாருக்கும் கேக் வாங்கி வர வேண்டும். அன்றைக்கு யார் வாங்குவது என்று எனக்கும் வேஸ்னாவுக்கும் சண்டை வந்து, கடைசியில் ஹாமிஷ் தட்டு நிறைய லாமிங்டன் கேக் வாங்கி வந்தார். தேங்காய்த் துருவல் தாடியில் ஒட்டியிருக்க, அவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். சந்தோஷமாக இருந்தது. அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அதன்பிறகு திரும்பத் திரும்பச் செய்தோம். திரும்பத் திரும்ப அதே முடிவு. மனிதர்களிடம் சோதிக்க மருத்துவமனை சம்மதித்தது. எங்கள் மேசையில் செய்த படலத்தை மனிதர் காலில் ஒட்ட விட மாட்டார்கள். மெல்பர்னில் அதற்கென்று இருக்கிற சுத்தமான அறையில், கண்ணாடியும் எஃகும் தவிர வேறெதுவும் படாமல் செய்தார்கள். நான் போய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என் படலம் இவ்வளவு பெரிய இடத்துக்கு வாக்கப்பட்டிருக்கிறதே என்று நெஞ்சு விம்மியது.

முதல் சுற்றுக்கு ஆறு நோயாளிகளை மருத்துவமனை எடுத்தது. அதில் டெக் ஒருவன். நான் சமையல்காரி மட்டும்தான், பரிமாறுவதும் ருசி கேட்பதும் மருத்துவமனை, அதனால் தம்பி என்பது தடையாகவில்லை. தினம் காலையில் எழுந்ததும் வலி எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண்ணைப் போனில் சொல்ல வேண்டும். ஐஸைத் தொடக் கூடாது. ஆறு பேரில் ஒருவருக்காவது வலி குறைந்தால் இரண்டாவது சுற்று உண்டு, அதில் மருந்து இரண்டு பங்கு. ஒருவருக்கும் குறையாவிட்டால் அத்தோடு சரி. இதையெல்லாம் முதல் நாளே அவர்களுக்கு விளக்கமாகச் சொல்லிவிட்டார்கள். டெக் கவனமாகக் கேட்டுக்கொண்டான். பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் அவ்வளவு கவனமாக எதையும் கேட்டவன் இல்லை.

கொஞ்ச நாள் கழித்து ஒரு சனிக்கிழமை, எங்கள் கூடத்துக்காரர்கள் எல்லாரும் கடற்கரைப் பூங்காவில் கூடினோம். ஹாமிஷ் அங்கிருந்த அடுப்புத் தகட்டில் சாசேஜ் புரட்டிக்கொண்டிருந்தார். நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். கார் நிறுத்துமிடத்திலிருந்து டெக் நடந்து வந்தான். என்னவோ வித்தியாசமாக இருக்கிறதே என்று பார்த்தேன். காலில் ஷூ. கறுப்புத் தோல் ஷூ, நாடா கட்டி, உள்ளே சாக்ஸ்.

“டேய்! ஷூ!”

“ஆமா, ஷூ. மனுஷங்க போடுவாங்களே, அது.”

அவனை நான் ஷூவில் கடைசியாகப் பார்த்தது அப்பாவின் இறுதிச் சடங்கில். அன்று சர்ச்சை விட்டு வெளியே வந்ததும் மயங்கி விழுந்தான். இன்று வெயிலில் காய்ந்த சிமென்ட் தரையில், அடுப்புக்குப் பக்கத்தில், ரொட்டிக்குள் சாசேஜை வைத்துத் தின்றுகொண்டு நின்றான்.

“இன்னைக்குக் காலையில எத்தனைடா சொன்னே?” என்று காதோடு கேட்டேன். கேட்கக் கூடாதுதான். யார் கேட்காமல் இருப்பார்கள்?

“மூணு.”

“மூணா? பொய் சொல்லாதே.”

“மூணுங்கிறேன்ல? உன் பிளாஸ்டிக் வேலை செய்யுது, டாக்டரம்மா. என்ன, பாராட்டினா உனக்குப் புடிக்காதா?”

நான் வெங்காயக் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே அவனைக் கட்டிக்கொண்டேன். “அடியே, கொன்னுறாதே, இப்பத்தான் பொழைச்சிருக்கேன்” என்று கத்தினான். வேஸ்னா அவனை இழுத்துக்கொண்டு போய் நாலு தப்படி ஆட வைத்தாள். ஹாமிஷ் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார். டெக்கின் நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. எல்லாருக்கும்தான் வியர்த்திருந்தது. டிவியில் ஃபுட்டி பந்தாட்டம் பார்க்க வேண்டும் என்று சொல்லிச் சீக்கிரமே கிளம்பிவிட்டான். நான் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அப்பாவின் படத்தோடு பேசினேன். இப்போது நினைத்தால் எனக்கே என்மேல் பரிதாபமாக இருக்கிறது.

அடுத்த வாரம் வேஸ்னா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள். மெல்பர்ன் படலத்தில் மீந்த துண்டுகளைச் செல்கள்மேல் வைத்துப் பார்த்திருக்கிறாள்.

“ஒண்ணுமே நடக்கலை, நெட்.”

“என்னது ஒண்ணுமே நடக்கலை?”

“வாசல் எல்லாம் ஆன்னு திறந்து கிடக்கு. வெறும் படலம் வெச்ச மாதிரி.”

“மெல்பர்ன்காரங்க சொதப்பியிருப்பாங்க. கொண்டா இப்படி.”

நானே அளந்து பார்த்தேன். மருந்தின் அளவு சரி, சுத்தம் எங்களுடையதைவிட அதிகம், படலமும் அருமை. ஒரு குறையும் சொல்ல முடியாது. குறை இல்லாததுதான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. நாங்கள் செய்ததற்கும் அவர்கள் செய்ததற்கும் என்ன வித்தியாசம்? அவர்கள் எல்லாவற்றையும் கண்ணாடியில் செய்தார்கள். நாங்கள் ட்யூபில் கரைத்தோம்.

அலமாரியிலிருந்து புது நீல மூடி ட்யூப் ஒன்றை எடுத்தேன். மருந்து போடவில்லை. வெறும் கரைப்பானை ஊற்றி மறுநாள்வரை உருட்டினேன். அதில் பாலிமரைச் சேர்த்துப் படலம் செய்து, இன்னதென்று சொல்லாமல் வேஸ்னாவிடம் கொடுத்தேன். மாலையில் அவள் ஓட்டமாக வந்தாள், முகமெல்லாம் பல்.

“செல் எல்லாம் கப்சிப்! ஒரு வாசல்கூடத் திறக்கலை. சூப்பரா இருக்கு. இது புதுசா? நாற்பத்திரெண்டா?”

“காலி ட்யூப்” என்றேன்.

அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து தன் தாய்மொழியில் ஏதோ திட்டினாள். அந்த மொழியில் எனக்குத் தெரிந்ததெல்லாம் கெட்ட வார்த்தைகள்தான், அதனால் நன்றாகவே புரிந்தது.

ட்யூபை அச்சில் வார்க்கும்போது அது ஒட்டிக்கொள்ளாமல் வழுக்கி வெளியே வரப் பிளாஸ்டிக்கில் மெழுகு மாதிரி ஒரு பொருளைக் கலப்பார்கள். எங்கள் கரைப்பான் அந்த மெழுகைக் கரைத்துக்கொண்டு வந்திருக்கிறது. வாசலை அடைத்தது அந்த மெழுகு. நாற்பத்தொன்று ஒரு மண்ணும் செய்யவில்லை. வெற்றுப் படலம் ட்யூபைத் தொடவே இல்லை, அதனால் அது வெற்றாகவே இருந்தது. பிளாஸ்டிக்கையே தொழிலாக வைத்துச் சோறு தின்கிற எங்கள் கண்ணில் கையில் இருந்த பிளாஸ்டிக் படவில்லை.

அப்படியானால் அந்த மெழுகையே மருந்தாக்க முடியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். நாங்களும் பேராசையோடு அதைத்தான் கேட்டோம். வேஸ்னா இதயச் செல்களில் அதைப் போட்டுப் பார்த்தாள். துடித்துக்கொண்டிருந்தவை நின்றுவிட்டன. கண்ட வாசலையும் அடைக்கிற சனியன் அது. எலிகளின் சங்கதி இன்னும் கேவலம். அந்த மெழுகு மூளைக்குப் போனால் தூக்கம் வரும். வலி போன நிம்மதி என்று நாங்கள் எழுதி அனுப்பியதெல்லாம் எலிகளின் தூக்கக் கலக்கம்.

ஹாமிஷிடம் போய்ச் சொன்னோம். அவர் மருத்துவமனைக்குப் போன் செய்து ஆறு பேரின் எண்களையும் கேட்டார். ஐந்து பேருக்கு ஒட்டுவதற்கு முன்னால் எப்படியோ அப்படியே. ஒருவருக்கு மட்டும் மூன்று, தினமும் மூன்று.

“ஒருத்தருக்கு வேலை செஞ்சிருக்கே” என்றார் ஹாமிஷ். குரலே மாறிவிட்டது. “நெட், ஒருத்தருக்கு வேலை செஞ்சிருக்கு. ஏதோ ஒண்ணு இருக்கு இதுல.”

“அது என் தம்பி, ஹாமிஷ்.”

“யாரா இருந்தா என்ன? எண் எண்தானே?”

“ஒண்ணுமில்லாத படலம் எப்படி வேலை செய்யும்? அவன் பொறந்ததுலேர்ந்து பார்க்கிறேன். தேவைன்னா ஷூ போட்டுக்கிட்டு உன் மேசை மேல ஏறி ஆடவும் செய்வான்.”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தச் சனிக்கிழமை அவன் நெற்றியெல்லாம் வழிந்த வியர்வை எனக்கு ஞாபகம் வந்தது. காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

காரேஜ் கதவு பாதிதான் இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனதுமே நாற்றம். டெக் நாற்காலியில் சாய்ந்திருந்தான். கால் இரண்டும் தொட்டியில். ஐஸ் மிதக்கிற தண்ணீர் லேசாகச் சிவந்திருந்தது. கறுப்பு ஷூ குப்பைத் தொட்டியில் தலைகுப்புறக் கிடந்தது.

“எத்தனை?” என்றேன்.

“மூணு.”

“டேய்.”

“ஒம்போது” என்றான். “சில நேரம் பத்து. பதினொண்ணுன்னு சொல்ல வழி வைக்கலை உங்க ஆளுங்க.”

நான் தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து அவன் காலைத் தூக்கிப் பார்த்தேன். குதிகால் கறுத்திருந்தது. விரல்களைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை. புறங்காலில் என் படலம் ஒரு சுருக்கம் இல்லாமல் பளபளவென்று ஒட்டிக்கொண்டிருந்தது.

“ஒட்டினா ஒட்டினதுதான்” என்றான் அவன். “அதுல உன்னைக் குறை சொல்லவே முடியாது.”

“எதுக்குடா பொய் சொன்னே? எதுக்குடா!”

“கத்தாதே. பக்கத்து வீட்டுல பாப்பா தூங்குது. ஒருத்தனுக்காவது குறைஞ்சாத்தான் ரெண்டாவது சுத்துன்னு சொன்னாங்கல்ல? மத்த அஞ்சு பேர் மூஞ்சியையும் ஆஸ்பத்திரில பார்த்தேன். ஒருத்தருக்கும் குறையலைன்னு பார்த்தாலே தெரியுது. எல்லாரும் உண்மையைச் சொல்லி இழுத்து மூடிட்டா? யாராவது ஒருத்தன் தாக்குப்பிடிச்சு நிக்கணும்ல? அடுத்ததுல மருந்து ரெண்டு பங்கு. ரெண்டு பங்குல கேக்கும் நெட். கேக்கும்ல?”

அவன் என் முகத்தையே பார்த்தான். அப்படி ஒரு ஆசையோடு அவன் என்னைப் பார்த்ததே இல்லை. சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். ஆனால் குதிகால் கறுத்திருந்தது.

“பூஜ்யத்தை ரெண்டால பெருக்கினா என்னடா வரும்?” என்றேன். அழுகையோடு வந்தது. பிறகு ட்யூபையும் மெழுகையும் எலிகளையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டே அவன் தொட்டிக்குள் கையை விட்டு ஐஸைத் துழாவினான்.

“அப்ப நான் ட்யூபைக் கடிச்சுத் தின்னிருக்கணும்” என்றான் கடைசியில்.

“அதைத் தின்னா நெஞ்சு நின்னுரும்.”

“உடனேயா?”

விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. பளாரென்று அவன் தோளில் ஒன்று வைத்தேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான், விடவில்லை. ஐஸில் கிடந்த கை சில்லென்று இருந்தது.

“இந்தக் குதிகால் எப்ப இப்படி ஆச்சு?”

“ஷூ போட்டேன்ல, அன்னைக்குத்தான். வேஸ்னா ஆட வெச்சாளே, அப்ப உள்ள என்னமோ கிழிஞ்சுது. வீட்டுக்கு வந்து கழட்டினா சாக்ஸோட தோலும் வந்துடுச்சு.”

“அந்தப் பாழாப்போன ஷூவை எவன்டா போடச் சொன்னான்? நம்பர் சொன்னாப் போதும்ல?”

“நம்பர் ஆஸ்பத்திரிக்கு. ஷூ உனக்கு” என்றான். “நீ எத்தனை வருஷமா இதுக்காக அல்லாடுறே. ஒரு நாளாவது நீ சந்தோஷமா பார்க்கட்டுமேன்னு.”

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன்.

புண் எலும்புக்குப் போய்விட்டது. ரத்தத்திலும் கலந்திருந்தது. கட்டுப்போடும் டாக்டர் என்னைத் தனியாக அழைத்துப் பேசினார். முழங்காலுக்குக் கீழே இரண்டையும் எடுக்க வேண்டும், யோசிக்க நேரமில்லை என்றார். எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

“எரிச்சலாவது போயிடுமா?”

“கால் இல்லைன்னா எரியறதுக்கு என்ன இருக்கு? போயிடும்னுதான் நினைக்கிறேன்” என்றார். உறுதியாகச் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார். அந்தப் பாதியை என் காது வாங்கிக்கொள்ளவில்லை. டெக்கிடம் போய் எரிச்சல் நின்றுவிடும் என்று சொன்னேன். “நிஜமா?” என்றான். “நிஜமா” என்றேன். கையெழுத்துப் போட்டான்.

ஹாமிஷ் எங்கள் ஆய்வை வெளியிட்ட அறிவியல் பத்திரிகைகளுக்கெல்லாம் எழுதி எங்கள் முடிவுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். மற்ற ஐந்து பேரையும் தானே நேரில் போய்ப் பார்த்துச் சொன்னார். ஒரு பெண் அவருக்கு டீ போட்டுக் கொடுத்து, பரவாயில்லை என்று சொன்னாளாம். வேஸ்னா அலமாரியில் இருந்த நீல மூடி ட்யூப்களையெல்லாம் வாரிக் குப்பையில் கொட்டினாள். கூடத்தில் யாரும் அதன்பிறகு கேக் வாங்கி வரவில்லை.

அறுவைச் சிகிச்சை முடிந்த மறுநாள் காலையில் பார்க்கப் போனேன். போகிற வழியில் பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தி, ஒரு மூட்டை ஐஸ் வாங்கிக் குளிர்பெட்டியில் போட்டுக்கொண்டேன். எதற்கு வாங்கினேன் என்று எனக்கே தெரியவில்லை. அவனைப் பார்க்கப் போனால் ஐஸ் இல்லாமல் போய்ப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

டெக் கண்ணை மூடிப் படுத்திருந்தான். வெள்ளைப் போர்வை முழங்காலுக்குக் கீழே தட்டையாகக் கிடந்தது. பிறந்ததிலிருந்து போர்வை போர்த்தாதவன். போர்வைக்குள் எவ்வளவு அமைதியாக இருக்கிறான், கடைசியில் இதுவாவது கிடைத்ததே என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து அவன் தலைமுடியைக் கோதினேன். நெற்றி நனைந்திருந்தது.

“நெட்.”

“இங்கதான் இருக்கேன்.”

“எரியுது.”

“எங்கடா? வெட்டின இடத்துலயா? நர்ஸைக் கூப்பிடறேன், இரு.”

“இல்லை. பாதத்துல” என்றான். “ரெண்டு பாதமும். பெருவிரல்லேர்ந்து குதிகால்வரைக்கும். அப்படியே இருக்கு நெட். ஒண்ணும் மாறலை.”

நான் போர்வையைப் பார்த்தேன். அவன் கண்ணைத் திறந்து, என் காலருகே இருந்த பெட்டியைப் பார்த்தான்.

“ஐஸா கொண்டாந்தே?”

“ஆமா.”

“சீக்கிரம் வை.”

மூட்டையை எடுத்துக்கொண்டு கட்டிலின் கடைசிக்குப் போனேன். பாதம் இருந்திருந்தால் எங்கே இருக்குமோ, உத்தேசமாக அந்த இடத்தில், வெறும் மெத்தைமேல் வைத்தேன்.

“இன்னும் கொஞ்சம் கீழ” என்றான்.

நகர்த்தினேன்.

“இடது பக்கம். இல்லை நெட், படவே இல்லை. இன்னும் கீழ.”

நகர்த்தி நகர்த்திக் கட்டில் முடிந்துவிட்டது. மூட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். ஐஸ் உருகித் தரையில் சொட்டியது. அவன் இன்னும் கீழே, இன்னும் கீழே என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.